பாட்டுக்குப் பட்டா

1976-ஆம் வருஷம் மே மாதம் 'அன்னக்கிளி' வெளியானது. அதுவரை அடுத்தவர்களுடைய பாட்டுக்கு கிடாரும் ஆர்கனும் வாசித்துக் கொண்டிருந்த பண்ணைப்புரத்து ராசையா, இளையராஜாவாக ஆனார்.

அதே 1976. நியூயார்க்கில் ஒரு கோர்ட். சாட்சிக் கூண்டில் இன்னொரு கிடார்காரர். கையில் கிடார். பெயர் ஜார்ஜ் ஹாரிசன். பீட்டில்ஸ் நால்வரில் அதிகம் பேசாதவர், நம்ம ரவிசங்கரிடம் சிதார் கற்றுக் கொண்டவர். அவர் நீதிபதிக்கு வாசித்துக் காட்டுகிறார்: "இந்தப் பாட்டு எனக்கு இப்படித்தான் வந்தது."

எந்தப் பாட்டு? 'மை ஸ்வீட் லார்ட்'. 1970-இல் வந்து உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய பாட்டு. கிறிஸ்தவர்களின் 'அல்லேலூயா'வையும், நம்ம 'ஹரே கிருஷ்ணா'வையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பாடுகிற பக்திப் பாட்டு. கடவுளைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிற பாட்டு. அதன் மேல்தான் கேஸ்! 1962-இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய ஒரு காதல் பாட்டின் மெட்டு இது என்றார்கள்.

வழக்கு எதில் நின்றது தெரியுமா? மூன்று ஸ்வரத்தில். அவர்கள் கணக்கில் சோ-மி-ரே. நம் கணக்கில் ப-க-ரி. அதற்குப் பின்னால் இன்னொரு சின்னச் சங்கதி. இந்த இரண்டும் இரண்டு பாட்டிலும் ஒரே வரிசையில் வருகின்றன. இசை தெரிந்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு விசித்திரமான தீர்ப்பு சொன்னார். ஹாரிசன் வேண்டுமென்று திருடவில்லை. ஆனால் அந்தப் பழைய பாட்டு அவர் மனசுக்கு அடியில் எங்கேயோ கிடந்தது. அவருக்கே தெரியாமல் அது மேலே வந்துவிட்டது. தெரியாமல் எடுத்தாலும் எடுத்தது எடுத்ததுதான்!

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்து செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம். தெரியாமல் செய்த தப்புக்கு யாரிடம் போய் என்ன சொல்வது? அதற்கப்புறம் ஹாரிசனுக்குப் பாட்டு எழுத உட்காரவே பயமாக இருந்ததாம். ரேடியோவைப் போட்டால் ஒவ்வொரு பாட்டும் இன்னொரு பாட்டு மாதிரியே கேட்கிறதே என்று புலம்பியிருக்கிறார்.

தன் பாட்டுகள் எப்படி எப்படிப் பிறந்தன என்று அவர் 1980-இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பு 'ஐ மீ மைன்'. நான், எனக்கு, என்னுடையது. பீட்டில்ஸ் காலத்தில் இதே தலைப்பில் ஒரு பாட்டும் எழுதியிருக்கிறார். காலையிலிருந்து ராத்திரி வரை மனுஷன் இந்த மூன்று வார்த்தையைத்தானே சொல்லிக் கொண்டிருக்கிறான் என்கிற எரிச்சலில் எழுதியது. 'என்னுடையது' என்ற வார்த்தையின் மேல் எரிச்சல்பட்ட மனிதரைத்தான், 'அது உன்னுடையது இல்லை' என்று கோர்ட்டில் நிறுத்தினார்கள்!

இந்த விவகாரத்தில் ஒரு உபகதை. வழக்கு ஆரம்பத்தில் ஹாரிசன் பக்கம் நின்ற அவருடைய மேனேஜர் ஆலன் க்ளைன், பின்னாளில் வழக்குப் போட்ட கம்பெனியையே விலைக்கு வாங்கி, எதிர்க்கட்சியாக மாறிவிட்டார். 1981-இல் அதே நீதிபதி, 'நீ கொடுத்த 5,87,000 டாலரை வாங்கிக் கொள், அதற்கு மேல் ஒரு பைசா லாபம் கிடையாது' என்று சொல்லிவிட்டார். போட்ட முதல் உண்டு, லாபம் கிடையாது! நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த வழக்கில் ரொம்பப் பிடித்தது இந்த வரிதான்.

சரி, நம்மூருக்கு வருவோம்.

'என் பாட்டு' என்ற வார்த்தையைத் தமிழ்நாட்டில் கேட்டவுடன் உங்களுக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறது? எனக்கும் அவர்தான். 2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரிச் சுற்றுப்பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு, 'அனுமதி இல்லாமல் என் பாடல்களைப் பாடக்கூடாது' என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நடந்தபோது, வரி இல்லாமல் பாட்டு ஏது, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று நீதிபதிகள் பக்கமிருந்தே கேள்வி வந்தது. அதே வருஷம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்கும் நோட்டீஸ்.

டீக்கடையில், ஆபீஸில், கல்யாணப் பந்தியில் எல்லா இடத்திலும் ஒரு கிண்டல் கேட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் முன்னாடி உக்கார்றாரு. 'நான் யார்'னு கேட்டுக்கிறாரு. வெளிய வந்தா, 'என் பாட்டு'ங்கிறாரு. என்னாங்க இது?"

சிரிப்பு வருகிற கிண்டல்தான். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இது சாதாரணக் கேள்வி இல்லை. 'நான்' என்பதே பொய் என்று நம்புகிறவன், 'என்னுடையது' என்று எதையாவது கேட்கலாமா? ஞானத்தைத் தேடுகிறவனுக்கு ராயல்டி உண்டா?

முதலில் 'என் பாட்டு' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

அம்மா சின்னத்தாய் இருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பெண்கள் நடவு நடும்போதும் தொட்டில் ஆட்டும்போதும் பாடிய பாட்டெல்லாம் இருக்கிறது. அண்ணன் பாவலர் வரதராஜன் இருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலை ஏறிப் போய்ப் பாடியவர். ஜனங்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் கட்சி வரிகளைப் போட்டுப் பாடுவதும் அவர்களுக்கு வழக்கம். அந்த மெட்டுக்கு அன்றைக்கு யார் நோட்டீஸ் அனுப்பினார்கள்?

1968-இல் சென்னைக்கு வந்தபின் மயிலாப்பூர் தன்ராஜ் மாஸ்டர். பாக் யார், மோட்ஸார்ட் யார் என்று காட்டிக் கொடுத்தவர். கிடாரைக் கையில் கொடுத்து, லண்டன் ட்ரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்க மெடல் வாங்குகிற அளவுக்குக் கொண்டுபோனவர். அப்புறம் ஜி.கே.வெங்கடேஷ், அவரிடம் வருஷக்கணக்கில் உதவியாளர் வேலை. நடுவில் வங்காளத்து சலீல் சௌத்ரியின் குழுவில் கிடார்.

இந்த சலீல் சௌத்ரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்ட முடியாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் அப்பா வைத்திருந்த மேற்கத்திய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பையன். 1961-இல் 'சாயா' என்ற ஹிந்திப் படத்தில் ஒரு டூயட் போட்டார். மோட்ஸார்ட்டின் 40-ஆவது சிம்பொனி தெரிந்தவர்கள் கேட்டால் முதல் வரியிலேயே சிரித்துவிடுவார்கள். மறைக்கவெல்லாம் இல்லை. பட்டப்பகலில், நடுத்தெருவில் வைத்துச் செய்தது. ஆனால் கேட்டால் அது சலீல் பாட்டாகத்தான் இருக்கிறது. மோட்ஸார்ட் வந்து கேட்டாலும் கோபப்பட்டிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். மோட்ஸார்ட்டின் வக்கீல் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

ஆக, இத்தனை பேரும் போட்ட முதலில்தான் கடை ஆரம்பம். இதை இளையராஜாவும் மறைத்ததில்லை. 1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். தலைப்பையே பாருங்கள்: இதற்கு எப்படிப் பெயர் வைப்பது? பெயர் வைக்கவே தெரியாத ஒன்றுக்குப் பட்டா எப்படி வாங்குவது?

கணக்கில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். காற்றிலிருந்து எந்தத் தொகையும் வராது. ஒரு மெட்டை 'என்னுடையது' என்று வரவு வைத்தால், எதிர்ப்பக்கம் எத்தனை பேருக்குப் பற்று எழுதுவீர்கள்? அந்தப் பேரேடு எந்த இசைக்கலைஞனிடமும் இருக்காது. இருந்தால் அவனால் பாட்டுப் போட முடியாது. ஹாரிசன் கதிதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், சி.டி. கடைகள் உயிரோடிருந்த காலத்தில், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்து கொண்டிருந்தேன். 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை தாண்டி ஒரு கடையில் அண்ணாமலையார் பாட்டு ஓடிக் கொண்டிருந்தது. நூற்றுக்கு நூறு சினிமா மெட்டு. வரி மட்டும் சாமி வரி. காதலி இருந்த இடத்தில் உண்ணாமுலை அம்மன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொண்டே கடைக்காரரிடம் கேட்டேன்.

"இது சினிமாவுல வந்த மெட்டு ஆச்சே?"

"இது சாமிப் பாட்டு சார்."

"அது சரி. மெட்டு சினிமாவுல வந்ததுங்க."

"அவங்க எடுத்துக்கிட்டது சார் அது. மலை அதுக்கு முன்னாடியே இருக்குல்ல?"

இதற்கு எந்த உயர் நீதிமன்றத்தில் அப்பீல் போவது!

ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. அந்த மலை எத்தனை பாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறது! சம்பந்தர் வந்து பாடினார். அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் பெயரைச் சொல்லி, இதைப் பாடியவன் ஞானசம்பந்தன் என்று முத்திரை குத்திவிடுவார். அண்ணாமலைப் பதிகத்திலும் அப்படியே. பின்னால் அருணகிரிநாதர். இதே ஊர்க்காரர். அவரோ திருப்புகழ்ப் பாட்டைப் பெரும்பாலும் 'பெருமாளே' என்று முருகனைக் கூப்பிட்டு முடிக்கிறார். கையெழுத்துப் போடுகிற இடத்தில் முருகன் பெயர்! மாணிக்கவாசகர் இங்கேதான் திருவெம்பாவையும் திருவம்மானையும் பாடினார் என்பது மரபு. பாவையும் அம்மானையும் யாருடையவை? மார்கழியில் குளிக்கப் போன பெண்களும், காய் தூக்கிப் போட்டு விளையாடிய பெண்களும் பாடிக் கொண்டிருந்தவை. அதை வாங்கிச் சிவனுக்குக் கொடுத்தார். அந்தத் திருவாசகத்தைச் சிவனே அந்தணர் வேஷத்தில் வந்து ஓலையில் எழுதிக் கொண்டு போய், 'மாணிக்கவாசகர் சொல்ல, எழுதியது நான்' என்று கையெழுத்துப் போட்டு வைத்தான் என்று கதை. கடவுள் கூட, 'இது என் பாட்டு' என்று போடவில்லை பாருங்கள். வெறும் எழுத்தர் என்றே போட்டுக் கொண்டார். அந்தத் திருவாசகம்தான் 2005-இல் இளையராஜா இசையில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்தது.

கையெழுத்துப் போட்டவரையும் போடாதவரையும் மலை ஒரே மாதிரிதான் பார்த்துக் கொண்டு நிற்கிறது.

இப்போது கிண்டல்காரர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதற்கு ரமணரிடமே போக வேண்டும்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயசுப் பையன் வேங்கடராமன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஒரு கடிதம் எழுதி வைக்கிறான். அந்தக் கடிதத்தின் விசேஷம் பலருக்குத் தெரிந்ததுதான். 'நான்' என்று ஆரம்பிக்கும். இரண்டாவது வாக்கியத்திலேயே 'நான்' போய் 'இது' வந்துவிடும். கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. மூன்று நான்கு வாக்கியத்துக்குள் ஒரு ஆள் காணாமல் போகிறான்.

எல்லோரும் அந்தக் கோட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தக் கடிதத்தில் கண் போய் நிற்கிற இடம் வேறு. கீழே ஒரு கணக்கு இருக்கிறது! அண்ணனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லிக் கொடுத்தது 5 ரூபாய். பையன் அதில் 3 ரூபாயை எடுத்துக் கொள்கிறான். திண்டிவனத்துக்கு ரயில் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று எழுதி வைக்கிறான். 'நான்' என்பதையே தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவன், அண்ணனுடைய 2 ரூபாயைத் தூக்கிப் போடவில்லை. 'எல்லாம் மாயை, இதில் அண்ணன் காசு என்ன, என் காசு என்ன' என்று 5 ரூபாயையும் அள்ளிக் கொண்டு போகவில்லை. வழியில் கீழூரில் தன் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். அதை மீட்பதற்கான விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். அது அவனுடைய சொத்து. கிழிக்கலாம்.

தன்னுடையதைக் கிழித்துப் போடலாம். அடுத்தவனுடையதற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இது எந்த வேதாந்தப் புத்தகத்திலும் நான் படித்து வந்ததில்லை. அந்த 2 ரூபாயிலிருந்து எடுத்துக் கொண்டது.

நம் கிண்டல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? இதைத் தலைகீழாக ஆக்குகிறார்கள். 'நீதான் ஞானம் தேடுகிறாயே, அப்புறம் உனக்கு எதற்குக் காசு?' அடுத்தவன் பேரில் துறவறம் எடுத்துக் கொள்வது எவ்வளவு சுலபம்! சங்கீதம் தெய்வீகம், கலை எல்லோருக்கும் பொது என்றெல்லாம் வாய் நிறையச் சொல்கிறவர்கள் யாரென்று கொஞ்சம் கவனியுங்கள். அதில் பாதிப் பேர் டிக்கெட் விற்கிறவர்களாக இருப்பார்கள். டிக்கெட் மட்டும் தெய்வீகம் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் ரொம்ப நாள் கல்லாப் பெட்டிப் பக்கமே நின்றது. காசு கொடுத்துப் பாட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பாட்டுக்கு முதல் சொந்தக்காரர் என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருத்தப்பட்டார். 2012-இல்தான் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் அவர்களுடைய ராயல்டிப் பங்கு போகாது என்று ஆக்கினார்கள். அதற்காக ராஜ்யசபாவில் ஜாவேத் அக்தர் போட்ட சத்தம் கொஞ்ச நஞ்சம் இல்லை. அதற்குள் எத்தனை பாடலாசிரியர்கள் பழைய சம்பளத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

ரமணர் பெயரிலேயே இதற்கு இன்னொரு கதை உண்டு. அவர் விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில், கூட இருந்த சாதுக்கள் ஊருக்குள் போய்ப் பாடிப் பிச்சை எடுத்து வருவார்கள். இவர்கள் ரமணரின் ஆட்கள் என்று தெரிந்ததும் வீடுகளில் தாராளமாகப் போடுவார்களாம். இதைப் பார்த்த வேறு சிலர், அதே பாட்டைப் பாடிக் கொண்டு முந்திப் போய் வாங்கிவிட ஆரம்பித்தார்கள்! அசல் ஆட்கள் வந்தால் பானை காலி. 'எங்களுக்கென்று தனியாக ஒரு பாட்டு வேண்டும்' என்று ரமணரிடம் கேட்டார்கள். அதன்பின் வந்ததுதான் 108 கண்ணிகள் கொண்ட அக்ஷரமணமாலை. கிரிவலம் வரும்போது அவருக்கு ஊறிய பாட்டு. இன்றைக்கும் ஆசிரமத்தில் பாடுகிறார்கள். இந்த வரலாற்றைக் கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காப்பிரைட் தகராறு, அதுவும் சோற்றுக்கு! அவர் 'யார் சாப்பிட்டால் என்ன' என்று விட்டுவிடவில்லை. பசித்தவன் கேட்டான், பாட்டுக் கொடுத்தார்.

அதனால் ராயல்டி கேட்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அது கூலி. பிந்தி வருகிற கூலி. 'நான் இல்லாவிட்டால் இது இல்லை' என்று சொல்லும்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அது யார் சொன்னாலும். இசையமைப்பாளர் சொன்னாலும், கவிஞர் சொன்னாலும், குரல்தான் பாட்டு என்று ரசிகர் சொன்னாலும். 'இளைய நிலா' பாட்டை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள். அதன் கிடார் உங்களுக்கு மனப்பாடம். வாயாலேயே வாசிப்பீர்கள். அதை வாசித்த விரல் யாருடையது? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். அவருக்கு அன்றைக்குக் கால்ஷீட் சம்பளம். அத்தோடு கணக்கு முடிந்தது. ஒரு காலத்தில் அதே மாதிரி கால்ஷீட் சம்பளத்துக்கு வாசித்துவிட்டுப் போன கிடார்காரர்தான் ராசையாவும்.

எஸ்.பி.பி.-க்கும் அவருக்கும் 2019-லேயே சமாதானமாகிவிட்டது. ஒரே மேடையில் பாடினார்கள். 2020 செப்டம்பர் 25-ஆம் தேதி எஸ்.பி.பி. போனார். இளையராஜா நேரே திருவண்ணாமலைக்குப் போய், கோயிலில் நண்பனுக்கு மோட்ச தீபம் ஏற்றினார். அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை கடைகளில், எத்தனை போனில், அனுமதி வாங்காமல் அந்த இரண்டு பேர் பாட்டும் ஓடிக் கொண்டிருந்திருக்கும்!

இத்தனையும் எழுதியபின் எனக்கு மிச்சமிருக்கிற கணக்கு ஒன்றே ஒன்றுதான். பண்ணைப்புரத்துப் பக்கம் வயலில் குனிந்து நின்று நாற்று நட்டுக் கொண்டே பாடிய பெண்கள். 2012 சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. யார் முதலில் பாடியது என்று யாருக்கும் தெரியாது. வாரிசுச் சான்றிதழ் எந்தத் தாசில்தார் கொடுப்பார்? காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். யாருடையது என்று புரியாமல் ஒரு தொகை நின்றுவிட்டால், அதைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டு வைப்போம். ஆள் தெரிந்ததும் அவர் பேருக்கு மாற்றிவிடலாம் என்று. வருஷ முடிவில் ஆடிட்டர் முதலில் விரல் வைக்கிற இடம் அதுதான்: "இது என்ன சார், இவ்வளவு நாளா நிக்குது?"